பானையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க இருட்டு. டீசல் கிடைக்காததால் பக்கத்து அடுக்குமாடிகளின் ஜெனரேட்டர்களும் ஓய்ந்து கிடந்தன. எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று நின்று வெறுங்கையோடு திரும்பிய பிறகு, அம்மா பல்கனியில் கரியடுப்பு மூட்டப் பழகியிருந்தா. கடல் இரைச்சல் எங்கள் நான்காம் மாடிக்கு அத்தனை தெளிவாக அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த இருட்டில்தான் என்னுடைய உப்பு முதன்முதலாகப் பேசியது.

உப்பு என்று நான் சொல்வது சோடியம் நைத்திரைற்று. இறைச்சி பதப்படுத்தப் பாவிப்பார்கள். அளவு மிஞ்சினால் நஞ்சு. நூறு கிராம் அளவு ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, அதைச் சுற்றிச் செப்புக் கம்பி சுற்றி, முழுவதையும் ஒரு பெரிய பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடியிருந்தேன். அந்த ரின்னுக்குள் 3.6 மெகாஹெர்ட்ஸ் மீடிறனில் ஒரு சின்ன வானொலித் துடிப்பை அனுப்பிவிட்டு, துடிப்பு அடங்கியதும் உப்பு ஏதாவது மறுமொழி சொல்கிறதா என்று காது கொடுப்பதுதான் வேலை. ஏழு மாதம் காது கொடுத்தேன். வந்ததெல்லாம் இரைச்சல்.

இந்தத் துறைக்குப் பெயர் கரு நான்முனைவுப் பரிவு. என்.கியூ.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், கரு உருண்டைதானே? படத்தில எப்பவும் உருண்டையாத்தானே கீறுறம்?" அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லப்போய்த்தான் நான் இதற்குள் திரும்ப விழுந்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் கேட்டதோடு விட்டிருந்த விஷயம் அது.

எல்லாக் கருவும் உருண்டை இல்லை. சில கருக்கள் மோதகம்போல உருண்டு திரண்டிருக்கும். சில கொழுக்கட்டைபோல ஒரு திசையில் நீண்டிருக்கும், சில தட்டையாக அமுங்கியிருக்கும். இப்படி உருண்டையிலிருந்து விலகி நிற்பதைத்தான் நான்முனைவு என்கிறார்கள். மோதகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். கொழுக்கட்டைக்குத் திசை உண்டு. கருவைச் சுற்றியிருக்கிற இலத்திரன்களும் பக்கத்து அணுக்களும் ஒரு மின்புலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புலம் இடத்துக்கிடம் மாறுகிற விதம், அதாவது அதன் படித்திறன், எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாவிட்டால், நீண்ட கரு ஒரு திசையில் நிற்பதும் இன்னொரு திசையில் நிற்பதும் ஒரே சக்தி ஆகாது. அந்தச் சக்தி வித்தியாசத்துக்குச் சரியான மீடிறனில் வானொலி அலை வந்தால் கரு அதை வாங்கிக்கொண்டு மட்டம் மாறும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் பெரிய காந்தம் வேண்டும். இதற்குக் காந்தமே வேண்டாம். மூலக்கூறே தனக்கு வேண்டிய புலத்தைக் கையோடு கொண்டு வருகிறது.

அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்துப்போனது. நைதரசன்-14 என்ற சமதானியை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையிலுள்ள நைதரசனில் 99.6 சதவீதம் அதுதான். அதன் ஸ்பின், அதாவது கருவின் தற்சுழற்சியைச் சொல்கிற எண், 1. அதற்கு மூன்று சக்தி மட்டங்கள், ஆகவே மூன்று மீடிறன்கள். சோடியம் நைத்திரைற்றில் அறை வெப்பநிலையில் அவை ஏறத்தாழ 4.64, 3.60, 1.04 மெகாஹெர்ட்ஸ். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வரும். அதே நைதரசன் வேறொரு மூலக்கூறில் இருந்தால் மூன்று எண்களும் மாறிவிடும். மூலக்கூறு அதேதான், ஆனால் பளிங்கில் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்றாலும் எண்கள் மாறும். ஒரு மருந்தின் இரண்டு பளிங்கு வடிவங்களை, வில்லையை உடைக்காமலே, பெட்டியைத் திறக்காமலே பிரித்தறியலாம். கைரேகைபோல என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அது ஒருவருடைய குரலைப்போல. தொலைபேசியில் ஒரு சொல் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிடுகிறதே, அப்படி.

திண்மத்தில் இந்தக் குரலை முதலில் பிடித்தவர்கள் ஹான்ஸ் டெமெல்ட்டும் ஹூபேர்ட் குரூகரும். 1950இல், ஜெர்மனியின் கொட்டிங்கனில், டைகுளோரோஎதிலீன் என்ற சேர்வையிலுள்ள குளோரீன் கருக்களிலிருந்து. டெமெல்ட் பிறகு தனி அயனைப் பொறியில் பிடித்து வைக்கும் வேலைக்காக 1989இல் நோபல் பரிசு பெற்றார். குளோரீன் உரத்துப் பேசுகிற கரு. அதன் மீடிறன்கள் பெரும்பாலும் 30 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரும், சமிக்ஞையும் பெரியது. நைதரசன் அப்படியில்லை.

எவ்வளவு மெல்லிய குரல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.6 மெகாஹெர்ட்ஸ் சக்திப் படியை அறை வெப்பநிலையின் வெப்பச் சக்தியோடு ஒப்பிட்டால், மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடையே கரு எண்ணிக்கையில் வருகிற வித்தியாசம் ஒரு கோடிக்கு ஆறு அளவுதான். ஒரு கோடி கருக்களில் கிட்டத்தட்ட அத்தனையும் ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சுகிற ஐந்தாறுதான் பேசுகின்றன. மீடிறன் குறையக் குறைய சுருளில் தூண்டப்படுகிற மின்னழுத்தமும் குறையும். போதாக்குறைக்கு நைதரசனின் காந்தத் திருப்பமும் சிறிது. ஒரே காந்தப்புலத்தில் புரோத்தன் சுழல்கிற மீடிறனில் பதினான்கில் ஒரு பங்கில்தான் நைதரசன் சுழலும்.

அந்த மெல்லிய குரலை நான் வெள்ளவத்தையில் கேட்கப் பார்த்தேன். எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், லிஃப்ட் மோட்டர், எதிர்வீட்டு ஏசி, கரையோரம் ஓடுகிற ரயில். ஒவ்வொன்றும் மெகாஹெர்ட்ஸ் வீச்சில் தன் பங்குக்கு ஏதோ ஒன்றை வீசிக்கொண்டிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு நானாவின் கடை இருக்கிறது. முதல் சுருள் சரிவராமல் இரண்டாவது முறை கம்பி வாங்கப் போனபோது கேட்டார்:

"எத்தின கேஜ் வேணும் தங்கச்சி? மோட்டர் கட்டவா?"

"இல்ல நானா. ஒரு உப்புட சத்தம் கேக்கிறதுக்கு. 18 கேஜ், அரைக் கிலோ."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஜொயின்ட் வராம ஒரே கம்பியாத் தாறன்" என்று உள்ளே போய்ப் புதுச் சுருள் ஒன்றைப் பிரித்தார். அந்த ஒரே கம்பியில்தான் இன்றைக்கும் என் கருவி ஓடுகிறது.

இரைச்சல் மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்த எண்கள் குளிர்நாட்டு ஆய்வுகூடங்களில் அளந்தவை. சோடியம் நைத்திரைற்றில் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் மீடிறன் ஏறத்தாழ ஒரு கிலோஹெர்ட்ஸ் இறங்கும். எங்கள் அறை 31 பாகையில் இருந்தது. பல கிலோஹெர்ட்ஸ் தள்ளி, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெப்பமானி ஒன்றைப் போத்தலோடு சேர்த்துக் கட்டி, எண்ணைத் திருத்தி வைத்த கையோடு வந்ததுதான் அந்த மின்வெட்டு. கார் பற்றரி ஒன்றில் கருவியை ஓடவிட்டேன். மடிக்கணினி தன் பற்றரியில். இரண்டாயிரம் துடிப்பு கூட்டிச் சராசரி எடுத்ததும் திரையில் ஒரு மேடு. மீடிறனைக் கொஞ்சம் நகர்த்தினேன், மேடும் நகர்ந்தது. உப்புப் போத்தலை வெளியே எடுத்தேன், மேடு போய்விட்டது. திரும்ப வைத்தேன், வந்தது. நாலைந்து தரம் எடுத்தெடுத்து வைத்திருப்பேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இந்த ஊரும் வானொலியும் பழைய உறவுக்காரர். 1923இல் தந்தித் திணைக்களத்துப் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஆட்களும், பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கொழும்பில் ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார்கள். இரண்டு வருடத்தில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அம்மம்மா வீட்டில் இலங்கை வானொலி பாடாத காலைப்பொழுதை எனக்குத் தெரியாது. அந்த மத்திய அலை வரிசை இதற்குள் எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

அன்றிரவு நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

நான் மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பல்கனியில் சோற்றுப்பானையோடு நின்றா. கரி மேலே சாம்பல் பூத்துவிட்டது. தணல் தெரியவில்லை, ரோச் லைட்டில் சார்ஜ் இல்லை. அம்மா அடுப்பைக் கிளறவில்லை. பானையின் வயிற்றில் புறங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தா. "கிடக்குது, கிடக்குது. உள்ள நெருப்புக் கிடக்குது." பிறகு உள்ளே வந்து என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர உப்பு கதைச்சிட்டுதோ?" என்று கேட்டா.

நான் பதில் சொல்லாமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டைப் பரிவு என்ற பெயரில் பல்கலைக்கழகத்தில் எழுதிப் பாடமாக்கி, பரீட்சையோடு மறந்துபோன ஒன்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நைதரசனின் தணல் கண்ணுக்குத் தெரியாது. அதை நேரே பார்க்க முயல்வது, ஏழு மாதம் நான் செய்ததுபோல, சாம்பலுக்குள் கண்ணை வைத்துத் தேடுகிற வேலை. ஆனால் பெரும்பாலான சேர்வைகளில் நைதரசனுக்குப் பக்கத்திலேயே ஐதரசன் இருக்கிறது. ஐதரசனின் கருவான புரோத்தன் உரத்துப் பேசும். ஏராளமாகவும் இருக்கும். அது உருண்டைக் கரு, அதற்கு நான்முனைவு கிடையாது, மின்புலப் படித்திறனை அது கவனிப்பதுமில்லை. அந்தப் புரோத்தன்களைக் குளிர்ந்த தண்ணீர்ப் பானையாக வைத்துக்கொண்டால்? நைதரசன் அடுப்பில் நெருப்பு மூட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்காமல் பானையைத் தொட்டுப் பார்த்தால்?

செய்முறை இப்படி. மாதிரியை முதலில் அரை டெஸ்லா, ஒரு டெஸ்லா அளவான காந்தப்புலத்தில் வைக்கிறார்கள். சில வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ புரோத்தன்கள் புலத்தோடு ஒழுங்குபடும். பிறகு காற்றழுத்தத்தால் ஒரு குழாய் வழியே மாதிரியைச் சட்டென்று காந்தத்துக்கு வெளியே, புலமே இல்லாத இடத்துக்குத் தள்ளுகிறார்கள். புரோத்தன்களின் ஒழுங்கு அதற்குள் கலைந்துவிடாது. புலம் இறங்க இறங்க அவற்றின் ஸ்பின் வெப்பநிலையும், அதாவது அந்த ஒழுங்கை வைத்துக் கணக்கிடுகிற வெப்பநிலையும், இறங்கும். அரை டெஸ்லாவில் தொடங்கி, பக்கத்துக் கருக்கள் ஒன்றுக்கொன்று தருகிற மில்லிடெஸ்லாவுக்கும் குறைந்த புலம் வரை வந்தால், அந்த வெப்பநிலை ஒரு கெல்வினுக்கும் கீழே போய்விடும். வில்லை கையில் 30 பாகைச் சூட்டில் இருக்கும்போதே அதிலுள்ள புரோத்தன் ஸ்பின்கள் மட்டும் திரவ ஹீலியத்தைவிடக் குளிர்ந்திருக்கின்றன. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது பானை குளிர்ந்திருக்கிறது. புலமில்லாத இடத்தில் ஒரு மீடிறனில் வானொலி அலையை அடிக்கிறார்கள். அது நைதரசனின் மூன்று மீடிறன்களில் எதற்கும் பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. பொருந்தினால் நைதரசன் சூடேறும். பிறகு மாதிரியைத் திரும்பக் காந்தத்துக்குள் தள்ளி, புரோத்தன் சமிக்ஞை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். நைதரசனின் சூடு புரோத்தனுக்குப் போயிருந்தால் சமிக்ஞை குறைந்திருக்கும். அடுத்த தரம் மீடிறனை ஒரு படி நகர்த்தி, முழுவதையும் முதலிலிருந்து செய்யவேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு நிறமாலைக்கு ஒரு முழு நாள் போகும். வரைபில் மேடு வராது. நேர்கோட்டில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடம்தான் நைதரசன் நிற்கிற இடம்.

சூடு எப்படிக் கைமாறுகிறது என்பதில்தான் இந்த வித்தையின் அழகு முழுவதும் இருக்கிறது. புலமில்லாத இடத்தில் ஸ்பின் 1 கரு ஒரு விசித்திரமான நிலைக்குப் போகிறது. அதன் காந்தத் திருப்பம் சராசரியில் பூச்சியமாக அடங்கிவிடுகிறது. பக்கத்திலிருக்கிற புரோத்தனால் அதை உணரமுடியாது. இதை 1966இல் லெப்பல்மையரும் எர்வின் ஹானும் விளக்கினார்கள். அப்படியானால் சூடு எங்கே மாறும்? வழியில். மாதிரி காந்தத்திலிருந்து வெளியே வரும்போது புரோத்தனின் மீடிறன் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வருகிறது. டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது அதன் கணக்கு. புலம் 60 மில்லிடெஸ்லாவைக் கடக்கும் கணத்தில் புரோத்தன் 2.55 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அங்கே நைதரசனின் ஒரு மீடிறனும் அதே இடத்தில் நின்றால், இரண்டும் ஒரு கணம் ஒரே சுருதியில் சேர்கின்றன. ஒன்று ஏற மற்றது இறங்கலாம், சக்திக் கணக்கு இடிக்காது. அந்தக் கணத்தில் சூடு கைமாறிவிடும். மட்டங்கள் சந்திக்கிற இடம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை.

எர்வின் ஹானின் பெயரை நான் மரியாதையோடுதான் சொல்வேன். 1950இல் ஸ்பின் எதிரொலியைக் கண்டவர் அவர். 1962இல் ஹார்ட்மனோடு சேர்ந்து, வேறு வேறு மீடிறன் கொண்ட இரண்டு வகைக் கருக்களை வானொலி அலையின் பலத்தைச் சரிப்படுத்தி ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் வழியைக் காட்டினார். 1968இல் ஸ்லஷரும் அவரும் அதை நான்முனைவுக் கருக்களுக்குத் திருப்பினார்கள். அந்த வழியில், எண்ணிக்கையில் குறைந்த அரிய கரு ஒருமுறை சூடேறி அடங்கிவிடுவதில்லை. திரும்பத் திரும்பச் சூடேற்றப்பட்டு, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சூட்டை, சுற்றியிருக்கிற ஏராளமான மற்றக் கருக்களின் பெருங்கூட்டத்துக்குக் கொடுக்கிறது. சின்னத் தணல்தான், ஆனால் விடாமல் எரிந்தால் பெரிய பானையும் சூடாகும். பெருங்கூட்டத்தின் நினைவு நெடுநேரம் கலையாமல் இருக்கிற வரைக்கும் இதைச் செய்துகொண்டே போகலாம். பளிங்கில் ஆங்காங்கே கிடக்கிற மாசு அணுக்களைச் சுற்றியுள்ள கருக்களைக்கூட அவர்களால் கேட்க முடிந்தது.

1970களில் ஒக்ஸ்ஃபோர்டில் டொனால்ட் எட்மண்ட்ஸும், ஸ்லொவேனியாவின் லியுப்லியானாவில் யோசெப் ஸ்டெஃபான் நிறுவகத்தில் ரொபேர்ட் பிளின்ஸ், யானெஸ் செலிகர் ஆகியோரும் இந்த வழியை நைதரசனுக்கு மட்டுமல்ல, ஒட்சிசன்-17க்கும் கொண்டுபோனார்கள். அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஒட்சிசன் அணுக்களில் 2,600க்கு ஒன்றுதான் ஒட்சிசன்-17. மற்றதெல்லாம் நான்முனைவு இல்லாத ஊமைகள். அந்த ஒன்றைச் செறிவூட்டாமல், இயற்கையில் கிடைக்கிறபடியே கேட்பதென்றால், கொட்டாஞ்சேனையில் நின்றுகொண்டு தெஹிவளைச் சனத்துக்குள் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பதுபோல. ஐதரசன் பிணைப்பின் நடுவே புரோத்தன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதையெல்லாம் இப்படிக் கேட்டே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு நன்மை எனக்குத் தனிப்பட்ட முறையில் உறைக்கிறது. இந்த முறையில் அளக்கிற மீடிறன் வேறு, தேடுகிற மீடிறன் வேறு. அரை டெஸ்லாவில் புரோத்தனை 21 மெகாஹெர்ட்ஸில் கேட்பார்கள். நைதரசன் 2 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறதா, 200 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்பது கேட்கிற காதுக்குப் பொருட்டில்லை. எதிர்வீட்டு ஏசி 2 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு கத்தினாலும் அளவு கெடாது. நேர்முறையில் மீடிறன் இறங்க இறங்கக் காது செவிடாகிக்கொண்டே போகும். இதில் காது எப்போதும் ஒரே காதுதான்.

இப்போது நான் ஏன் இதை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும்.

அம்மாவின் ஊர் வடக்கில், முகமாலைப் பக்கம். தென்னங்காணி, கிணறு, ஒரு கல்வீடு. 2000இல் சண்டை வந்ததோடு எல்லாரும் எழும்பிப் போனோம். அதன்பிறகு அந்த இடம் ஆண்டுக்கணக்காக முன்னரங்காக இருந்தது. காணியும் கிணறும் வீடும் இருந்த இடம் உலகத்தின் மிகச் செறிவான கண்ணிவெடி நிலங்களில் ஒன்றாகிவிட்டது. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. துப்புரவு அதற்கு எவ்வளவோ முன்பே தொடங்கியிருந்தது. நானும் அம்மாவும் ஒருமுறை போய்த் தெருவோரத்துச் சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். உள்ளே ஒரு தங்கச்சி, எனக்கு இளையவள், முகக்கவசம் போட்டு முழங்காலில் இருந்தாள். கையில் விறாண்டி. மண்ணை விரற்கடை விரற்கடையாக, முன்னாலிருந்து தன் பக்கமாகச் சுரண்டி இழுத்தாள். ஒரு மணித்தியாலம் நின்றோம். அவள் ஒரு பாய் விரிக்கிற அளவுகூட நகரவில்லை.

உலோகம் தேடுகிற கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே புதைந்திருப்பதில் பல பிளாஸ்டிக். உள்ளே இருக்கிற உலோகம் மிகக் கொஞ்சம். கருவியின் காதைக் கூர்மையாக்கினால் சன்னக்கோது, ஆணி, தகரத்துண்டு, முட்கம்பி எல்லாவற்றுக்கும் கத்தும். சண்டை நடந்த மண்ணில் அதற்கு ஓய்வே இராது. என்.கியூ.ஆர். உலோகத்தைத் தேடுவதில்லை. வெடிமருந்தின் மூலக்கூறையே அது கேட்கிறது. ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து 3.41 மெகாஹெர்ட்ஸிலும் 5.19 மெகாஹெர்ட்ஸிலும் தெளிவாகப் பேசும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜே. ஏ. எஸ். சிமித் போன்றவர்கள் இதில் நெடுங்காலம் உழைத்தார்கள்.

ஆனால் டி.என்.டி. என்ற வெடிமருந்து பேசுவது 0.7 மெகாஹெர்ட்ஸுக்கும் 0.9 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில். மேலே சொன்ன தொல்லை இதுதான். மத்திய அலை வானொலி நிலையங்கள் பாட்டுப் போடுகிற அதே வீச்சு. சமிக்ஞையோ மிகச் சிறியது, ஒரு கரு தளர்ந்து திரும்பத் தயாராக ஆகிற நேரமும் நீளம். அதனால் ஒரு இடத்தில் நின்று நிமிடக்கணக்கில் கேட்கவேண்டி வருகிறது. வெடியின் உறை உலோகமாக இருந்தால் அலை உள்ளேயே போகாது. இரட்டைப் பரிவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. புதைந்திருப்பதைத் தூக்கிக் காந்தத்துக்குள் வைக்கிறவர் யார்? அதன் இடம் ஆய்வுகூடம். அங்கே அது ஒவ்வொரு சேர்வையின் மீடிறனையும் தேடிப் பிடித்து எழுதி வைக்கலாம். வெளியே நிற்கிற கருவி எங்கே காது கொடுக்கவேண்டும் என்று அதற்குப் பிறகு தடுமாறத் தேவையில்லை. நான் ஏழு மாதம் பிழையான கதவைத் தட்டியவள். அந்த எண் எவ்வளவு பெறுமதியானது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் காணி இப்போது விடுவிக்கப்பட்டுவிட்டது. விடுவித்தது விறாண்டியும் அந்தத் தங்கச்சியைப் போன்றவர்களின் முழங்கால்களும்தான். அதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் அவள் கையில் விறாண்டியோடு சேர்த்து, "இங்கே ஒன்றுமில்லை, எழும்பி நட" என்று சொல்லக்கூடிய ஒரு காதும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

இப்போது நான் செய்கிற வேலை சின்னது. சோடியம் நைத்திரைற்றில் ஐதரசன் இல்லை. பானையே இல்லாத அடுப்பு அது. அதனால் பரசிற்றமோலுக்கு மாறியிருக்கிறேன். எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் எப்போதும் இருக்கிற ஒரே மருந்து. அதன் நைதரசனின் மேல் மீடிறன் 2.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. முழு இரட்டைப் பரிவுக்கு நல்ல காந்தமும் காற்றுக் குழாயும் வேண்டும். அது என்னிடம் இல்லை. ஒரு நிறுவனத்திடம் காந்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஒன்றரை வருடமாகப் பதில் வரவில்லை. ஆனால் அதே சந்திப்பை மறுபக்கமாகப் பாவிக்கலாம். வில்லைகளை முதலில் நிலைக்காந்தங்களுக்கு நடுவே வைத்துப் புரோத்தன்களை ஒழுங்குபடுத்தி, பிறகு சட்டென்று வெளியே எடுத்துச் சுருளுக்குள் போட்டால், வழியில் 60 மில்லிடெஸ்லாவைக் கடக்கும்போது புரோத்தன்கள் தங்கள் ஒழுங்கில் ஒரு பங்கை நைதரசனுக்குக் கொடுக்கும். பிறகு நைதரசனை நேரே கேட்கும்போது குரல் கூடியிருக்கும். டி.என்.டி.யின் குரலைக் கூட்டவும் இதே உபாயத்தை முயன்றிருக்கிறார்கள்.

பஞ்சிகாவத்தையில் பழைய பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றி விற்கிறவரிடம் காந்தங்கள் வாங்கினேன். இரண்டையும் ஒரு பலகைச் சட்டத்தில் எதிரெதிரே பூட்டி, நடுவில் போத்தல் போய் வர இடம் விட்டேன். காந்தத்துக்கும் பிஸ்கட் ரின்னுக்கும் இடையில் இரண்டு முழத் தூரம். காற்றுக் குழாய்க்குப் பதிலாக அம்மா. எனக்கு ஒரு கை கருவியிலும் மற்றக் கை கணினியிலும் இருக்கவேண்டும் என்பதால் போத்தலைத் தூக்குகிற வேலை அம்மாவுடையது. அரை வினாடிக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் புரோத்தன் மறந்துவிடும். முதல் வாரம் அம்மா போத்தலை இரண்டு முறை கீழே போட்டா. இப்போது என்னைவிட வேகம்.

நேற்றிரவு பதினொரு மணிக்குப் பிறகு, எதிர்வீட்டு ஏசி நின்றதும் தொடங்கினோம். ஒரு தரத்துக்கு ஒரு நிமிடம் காந்தத்துக்குள் இருக்கவேண்டும். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா. நாற்பது தரம் எடுத்தோம். திரையில் இரைச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது, மேடு இல்லை. வெப்பமானி 29.4 காட்டியது. மீடிறனை இரண்டு கிலோஹெர்ட்ஸ் மேலே திருப்பினேன்.

"கேட்டதோ?"

"இன்னும் இல்லையம்மா. கை நோகுதோ?"

"கை கிடக்கட்டும். நீ அதைச் சரியாத் திருப்பினனியோ எண்டு பார்" என்று சொல்லிப் போத்தலைத் திரும்பக் காந்தத்துக்குள் வைத்தா.